வீட்டுக்குப் புறப்பட்ட காணி

இரண்டு சர்க்கார்கள் ஒரே வயல்வெளியைப் பங்குபோட்டு ஆண்ட காலத்தில், கொடுவனூர் நிலங்களின் நட்டநடுவே, நாலு புறமும் இந்திய மண் சூழ்ந்திருக்க, மூன்று காணி அளவுக்குப் பிரெஞ்சு தேசம் கிடந்தது. அதற்கு இளநீர்க்காணி என்று பெயர். எந்தக் காலத்திலோ வேட்டைக்கு வந்த ஒரு பிரெஞ்சு துரை அந்தத் தோப்பில் இளநீர் வாங்கிக் குடித்தாராம், குடித்த இடம் தன் ராஜாவுக்குச் சொந்தமாக இருக்கட்டும் என்று அங்கேயே விலைபேசி வாங்கினாராம், வாங்கினவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். துரை போனார், துரையின் ராஜாவும் போனார், காணி மட்டும் பிரெஞ்சுக் காணியாகவே இருந்தது. அங்கிருந்து கிழக்கே முக்கால் மைல் போனால் சாலாப்பாக்கம். அது புதுச்சேரியோடு ஒட்டிய அசல் பிரெஞ்சு ஊர். நடுவில் இருந்த முக்கால் மைல் முதலில் இங்கிலீஷ்காரனுடையதாக இருந்து பிறகு இந்தியாவுடையதானது என்றாலும், நிலக்கடலையும் கம்பும் விளைகிற அந்த முக்கால் மைலை ஒரு தேசம் என்று யாரும் நினைத்ததில்லை, நடந்து போகிற வரப்பு என்றுதான் நினைத்தார்கள்.

காணியில் ஒரே ஒரு வீடு. மண்சுவர், ஓலைக்கூரை, ஒரு கிணறு, வரிசைக்குப் பத்தாகத் தென்னைகள், இரண்டு ஆடுகள், நாலைந்து கோழிகள். அதில் பூங்காவனமும் அவள் புருஷன் தேசிங்கும் இருந்தார்கள். தேசிங்குக்குப் புதுச்சேரியில் மில் வேலை. விடியலில் தூக்குச்சட்டியோடு கிளம்பி, வரப்பு வழியாகச் சாலாப்பாக்கம் போய், அங்கிருந்து மில்லுக்குப் போவான். சாயங்காலம் தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்கத் திரும்பி வருவான். அவன் தலையில் இருந்த பஞ்சைப் பொறுக்கி எடுப்பது பூங்காவனத்துக்குச் சாயங்கால வேலைகளில் ஒன்று.

ஒரு சித்திரை மாதம் முள்வேலி வந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் போய்விட்டான், இன்னொருவனும் போக வேண்டும், போகும் வரைக்கும் எல்லையை இறுக்குவது என்று எங்கேயோ முடிவாயிருந்தது. சாலாப்பாக்கத்துக்குப் போகிற வழியில் ஒரு சாவடி எழுந்தது. இளநீர்க்காணியைச் சுற்றி நாலு பக்கமும் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். அன்று சாயங்காலம் மில் விட்டு வந்த தேசிங்கைச் சாவடியில் நிறுத்தினவர் புதிதாக வந்திருந்த அதிகாரி வைகுந்தநாதன். தாமிரபரணிக் கரைக்காரர், ஒல்லியானவர், கெட்டவர் இல்லை.

"பெர்மிட் எங்க?"

"எதுக்குங்க பெர்மிட்டு? தோ, அந்தத் தென்னமரந்தான் எங்க ஊடு."

"அது பிரான்சுலல்லா இருக்கு?"

"ஆமாங்க."

"நீ வாறது எங்கேருந்து?"

"அதுவும் பிரான்சுதாங்க."

"பிரான்சுலேருந்து பிரான்சுக்குப் போறவனுக்கு நடுவுல எங்க நாட்டுல என்னய்யா சோலி?"

தேசிங்குக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் வைகுந்தநாதனுக்கும் தெரியவில்லை. பெர்மிட் கேட்டு இந்திய ஆபீசுக்குப் போனால், நீ பிரெஞ்சுப் பிரஜை, உன் சர்க்காரிடம் போ என்றார்கள். பிரெஞ்சு ஆபீசுக்குப் போனால், இந்திய மண்ணில் நடக்க நாங்கள் எப்படி அனுமதி கொடுப்பது என்று கேட்டார்கள். தேசிங்கு வெல்லக் கடத்தல்காரர்களோடு சேர்ந்து வேலியைத் தாண்டப் பார்த்து மாட்டிக்கொண்டு, கன்னம் வீங்க அடிபட்டு, இன்னொரு தடவை பிடிபட்டால் காணியே பறிபோகும் என்ற எச்சரிக்கையோடு திருப்பி விரட்டப்பட்டான். பூங்காவனத்தாலும் வெளியே வர முடியவில்லை. அடுப்பு எரியாத வீட்டையும் ஆளில்லாத காணியையும் யார் வேண்டுமானாலும் உழுதுகொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கொடுவனூர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் உப்பும் சாவடிக்காரர்கள் பார்க்க வேலிக்கு மேலாகக் கைமாறின. தேசிங்கு சாலாப்பாக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் குடியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஊர் ஏரிக்கரையில் ஏறி நின்று சிவப்புத் துண்டை ஆட்டுவான். அவள் இங்கிருந்து துடைப்பத்தை ஆட்டுவாள். முகம் தெரியாது. ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு வருஷம் கழிந்த பிறகு காணி நடக்க ஆரம்பித்தது.

அதை முதலில் பார்த்தது கொடுவனூர்க் கலியபெருமாள். காணிக்குக் கிழக்கே அவருடைய கடலைக்கொல்லை. கொல்லை ஓரமாக ஆமணக்குச் செடிகள் வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் ஆமணக்கெல்லாம் காணிக்கு மேற்கே நின்றன. செடி வாடவில்லை, வேர் அறவில்லை, மண் பிளக்கவில்லை. ஓடம் போகும்போது தண்ணீர் முன்னால் விலகிப் பின்னால் கூடுவதுபோல, காணி போகப் போக முன்னால் இருந்த மண் பயிரோடும் வரப்போடும் எறும்புப் புற்றோடும் விலகி, பின்னால் போய்ப் பழையபடி சேர்ந்துகொண்டது. ஒரு நாளைக்கு ஒரு முழம், மழை பெய்த நாளில் இரண்டு முழம். கலியபெருமாள் ஆமணக்கைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலிக்கு அந்தப்புறம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்.

"பூங்காவனம், உங் காணி போவுதும்மா."

"தெரியுது மாமா. கெணத்துத் தண்ணி ரெண்டு நாளா ஆடிக்கினே இருக்குது."

"கொஞ்சம் நிறுத்தி வையேன். கடல பூ உட்டிருக்குது."

"நான் இன்னாத்த நிறுத்தறது? நானா ஓட்டிக்கினு போறன்?"

"அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் களை எடுக்கப் போனார்.

காணி ஏன் நடக்கிறது என்று கொடுவனூரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. ஊரைவிட்டுப் பிரிந்து கிடக்கிறது, வீட்டுக்குப் போகிறது, அதில் கேட்க என்ன இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. காணி கடந்துபோன நிலங்களில் கிணறு ஒரு பக்கமும் கொல்லை ஒரு பக்கமுமாகப் போயிருந்தன. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட வரப்புகள் இடம் மாறியிருந்தன. அதனால் ஊர் இரண்டாகப் பிரிந்தது. காணி கடந்து போய்விட்ட நிலத்துக்காரர்கள், நமக்கு வந்த தொல்லை மற்றவனுக்கும் வரட்டும் என்று அது வேகமாகப் போக வேண்டிக்கொண்டார்கள். இனிமேல்தான் வரப்போகிறது என்றிருந்தவர்கள் அது நிற்க வேண்டிக்கொண்டார்கள். இரண்டு கட்சியும் ஒரே அய்யனாரிடம்தான் வேண்டின. கடைசியில் காணி அந்த அய்யனார் கோயிலுக்கே வந்து சேர்ந்தது. பிரெஞ்சு மண்ணுக்கு அய்யனார் வழிவிடுவாரா என்று பார்க்க ஊரே வேலை வெட்டியைப் போட்டுவிட்டுக் கூடியது. அய்யனார் வழிவிட்டார். மண்குதிரைகளும் வேலும் பொங்கல் வைக்கிற கல்லும் ஒரு வாரத்தில் மெதுவாக விலகிக் காணிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. என்ன ஒன்று, தெற்கே பார்த்து நின்ற குதிரைகள் இப்போது கிழக்கே பார்த்து நின்றன. காணி எங்கே போகிறது என்று அவையும் பார்க்கின்றன என்று பூசாரி சொன்னார். அதற்குப் பிறகு எதிர்க்கட்சிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை.

கொடுவனூரில் பேச்சுக்கூட மாறிவிட்டது. கலியாணம் எப்போது என்று கேட்டால், காணி புளியமரத்தைத் தாண்டட்டும் என்றார்கள். நாள் தள்ளிப் பிறந்த பிள்ளையைக் காணி நடையில் வந்த பிள்ளை என்றார்கள்.

எல்லாருக்கும் பழகிப்போன இந்த விஷயம் ஒரே ஒருவருக்கு மட்டும் பழகவில்லை. காணி நகர்ந்தால் வேலியும் நகர வேண்டும். வைகுந்தநாதன் தன் ஆட்களோடு கிழக்குப் பக்கக் கம்பத்தைப் பிடுங்கி முன்னால் நட்டு, மேற்குப் பக்கக் கம்பத்தைப் பிடுங்கி அதையும் முன்னால் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி முடிக்கும்போது காணி மறுபடியும் கம்பியில் முட்டிக்கொண்டு நிற்கும். உள்ளங்கையெல்லாம் முள் கிழித்த கோடுகள். மேலிடத்துக்கு எழுதினார். நிலம் நடக்காது, உமது அளவைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினார். ஒரு சர்வேயரை அனுப்பினார்கள். அவர் சங்கிலியோடு வந்து காணியின் எல்லைக் கற்களை அளந்தார். கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம் வரைபடத்தில் இருந்தபடியே இம்மி பிசகாமல் இருந்தது, ஏனென்றால் கற்களும் காணியோடுதான் நடந்தன. பிறகு அந்தக் கற்களிலிருந்து கொடுவனூரை அளந்தார். முகம் சுருங்கியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார்.

"காணி நகரவே இல்லை, மிஸ்டர். இந்தியாதான் மேற்கே போயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு வைகுந்தநாதன் வேலி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பூங்காவனம் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கம்பிக்கு மேலாக நீட்டினாள்.

"வேண்டாம்மா. அது அந்நிய நாட்டுச் சரக்கு."

"மோருய்யா."

"மோருக்கும் சுங்கம் உண்டு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கேன். எனக்கும் ஊருல பொஞ்சாதி இருக்கா. லீவு கேட்டா, வேலி நிலையா நின்னப்புறம் வான்னு சொல்லுதாங்க. இது எப்பம்மா நிக்கும்?"

"எங்க ஊட்டுக்காரரு கிட்ட போனதும் நிக்குங்க."

"உன் வீட்டுக்காரர்கிட்டயா போகுது?"

"பின்ன எங்க போவுதாம்?"

அவள் அதைச் சந்தேகமில்லாமல் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிவப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது. முதலில் அது துண்டு என்று தெரிந்தது, பிறகு துண்டைப் பிடித்த கை தெரிந்தது, கைக்குக் கீழே ஆள் தெரிந்தான். தேசிங்கு மெலிந்திருந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தன. மண் தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறது, தனக்காகத்தான் இப்படி முழம் முழமாக நகர்கிறது என்று நம்பியதால், விடிந்ததும் வாசலைப் பெருக்கும்போது கிழக்குப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை பெருக்கினாள். ஆனால் முழம் என்பது எவ்வளவு சின்னது! நாள் முழுக்கக் காத்திருந்தால் ஒரு முழம். ஒரு பொங்கல் போய் அடுத்த பொங்கல் வந்தால் ஒரு வயல். ஒரு ஆடு செத்தது. மழைக்குக் கூரை ஒழுகியது. சில நாள் அவள் கிழக்கு எல்லையில் போய் நின்று, மாட்டை ஓட்டுவதுபோல நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தாள், காலால் மண்ணை உதைத்தாள், கையில் கிடைத்ததை எடுத்துத் தென்னைமேல் எறிந்தாள். காணி தன் வேகத்தில்தான் போயிற்று.

பெரிய தார்ச்சாலை குறுக்கிட்டபோது அதிலும் சில வாரங்கள் போயின. சாலையின் ஒரு பகுதி அத்தனை நாளும் பிரான்சாக இருந்தது. கடலூர் பஸ் காணி ஓரத்தில் நிற்கும். எல்லாரும் இறங்கிப் பெர்மிட்டை நீட்டி, மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டு, பூங்காவனத்தின் கிணற்றடியைச் சுற்றி நடந்து, மறுபுறம் மறுபடியும் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டு அங்கே நிற்கிற வேறு பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். பயணிகளில் சிலர், மதுவிலக்கு இல்லாத மண்ணாயிற்றே, ஒரு வாய் ஏதாவது கிடைக்குமா என்று கண்ணடித்துக் கேட்டார்கள். அவள் தண்ணீர் கொடுத்தாள். பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு அவள் வாசல் பழகிவிட்டது. எல்லாரும் அவள் வீட்டு வழியாக எங்கேயோ போனார்கள். அவள் மட்டும் போகவில்லை.

ஒருவழியாகக் காணி சாலாப்பாக்கத்து எல்லையை நெருங்கியது. பிரெஞ்சு ஊர், தன் மண்ணை மாலை போட்டு வரவேற்கும் என்று பூங்காவனம் நினைத்திருந்தாள். அந்த ஊர் நிர்வாகத்துக்குத் தலைவர் மேர் சவரிராயன். வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக எல்லைக்கு வந்து, காணியை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம காணிதான். நான் இல்லேங்கல. ஆனா இத எங்க வெக்கறது?"

"இவ்ளோ பெரிய ஊர்ல இடமா இல்ல?" என்றான் பக்கத்தில் நின்ற தேசிங்கு.

"இருக்கற எடமெல்லாம் ஒருத்தன் ஒருத்தனோட நெலம்டா. இது உள்ள பூந்தா எல்லா வரப்பும் கலஞ்சிபூடும். கொடுவனூரு கத தெரியாதா? அதுவுமில்லாம, ஒப்பந்தத்துல இது தனிக் காணின்னுதான் இருக்குது. ஒட்டிக்கிச்சின்னா அது இல்லாத காணி ஆயிடும். இல்லாத காணிக்கு நான் எப்பிடி மேரா இருக்கறது?"

மறுநாள் ஊர் ஆட்கள் எல்லை நெடுக ஒரு பள்ளம் வெட்டினார்கள். காணி பள்ளத்தின் விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வைகுந்தநாதனின் கம்பி, அந்தப் பக்கம் பிரெஞ்சு சிப்பாய்கள். நடுவில் அந்தப் பள்ளம்தான், ஒரு மாடு படுக்கிற அகலத்துக்கு, இந்தியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேசிங்கு பள்ளத்தின் அந்த விளிம்பில் வந்து நின்றான். பூங்காவனம் இந்த விளிம்பில் வந்து நின்றாள். இரண்டு பக்கமும் கூட்டம். சிப்பாய்கள்கூடத் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். இத்தனை வருஷம் பேசாதவர்கள் முதலில் என்ன பேசப் போகிறார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஒரு ஆடுதான் நிக்குது. இன்னொண்ணு எங்க?" என்று தேசிங்கு கேட்டான்.

"செத்துப்பூடுச்சி."

"எப்பிடிச் செத்துது? பாத்துக்கறதில்ல?"

பூங்காவனம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

"யோவ், நீ ஏரிக்கரையில நின்னு துண்ட ஆட்டுவ, நான் இங்க ஆட்டையும் பாத்து, கூரையையும் பாத்து, உன் துண்டையும் பாக்கணுமா? ஒழுவுதுய்யா ஊடு! கட்டலுக்குக் கீழ படுத்துக்கினேன் ரெண்டு மழைக்கு!"

"நான் மட்டும் இன்னா மெத்தையிலயா படுத்துருக்கறன்? மாட்டு மூத்தரத்துல படுத்துருக்கறன்டி!"

"தாண்டி வர்றதுதான?"

"தாண்டித்தான் அடி வாங்குனன்! கன்னத்தப் பாரு!"

"எங்க தெரியுது? இங்கேருந்து கன்னமா தெரியுது?"

இருவரும் தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள். ஒருவரும் விலக்கவில்லை, விலக்க யாருக்கும் பெர்மிட் இல்லை. குரல் கம்மிப் போனதும் இரண்டு பேரும் அவரவர் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். தேசிங்கு தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அவன் தலைமயிரில் பஞ்சு இருந்தது. அவள் கையை நீட்டிப் பார்த்தாள். கை பாதிப் பள்ளம்வரைதான் போனது. வைகுந்தநாதன் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நீட்டின கை அந்நிய வான்வெளியில் இருப்பதை அவர் கவனித்திருந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

அந்த ஐப்பசியில் கொடி மாறியது. புதுச்சேரியிலும் சாலாப்பாக்கத்திலும் பழைய கொடி இறங்கிப் புதிய கொடி ஏறியது. ஒரே நாளில் சாவடிக்கு வேலையில்லாமல் போயிற்று. வைகுந்தநாதன் கம்பியையெல்லாம் சுருட்டி வண்டியில் ஏற்றினார். கிளம்பும் முன் பூங்காவனத்திடம் வந்து மோர் கேட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மடித்து வைத்திருந்த டிக்கெட்டை எடுத்து அவளிடம் காட்டினார். "ஊருக்கும்மா" என்றார். அவர் வண்டி மறைவதற்குள் தேசிங்கு பள்ளத்தில் இறங்கி ஏறி இந்தப் பக்கம் வந்துவிட்டான். அவள் அவனை உட்கார வைத்துத் தலையைத் தன் பக்கம் திருப்பிப் பஞ்சைப் பொறுக்க ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் பஞ்சு இல்லை, நரை.

இனிமேல் காணி நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எல்லை இல்லை, வேலி இல்லை, போய்ச் சேர வேண்டிய தேசமும் இல்லை. மறுநாள் விடிந்தபோது பள்ளத்தைக் காணோம். அது காணிக்குப் பின்னால் போயிருந்தது. காணி சாலாப்பாக்கத்து நஞ்சையில் இறங்கிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது, அதுவும் முன்னைப்போல் முழக்கணக்கில் அல்ல, நாளைக்கு ஒரு வயல் என்ற கணக்கில்.

சவரிராயன் தலையில் அடித்துக்கொண்டார். தமுக்குப் போட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் வரப்பில் நின்று, இந்த மண் இன்ன தேதியிலிருந்து இன்ன சர்க்காரைச் சேர்ந்தது என்று ஆணையை உரக்கப் படித்தார். இங்கிலீஷில் படித்தது புரியவில்லையோ என்று பிரெஞ்சு தெரிந்த ஒரு கிழட்டுச் சிப்பாயைக் கூட்டிவந்து அவரையும் படிக்கச் சொன்னார்கள். காணி ஏரியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பூங்காவனம் கிழக்கு மூலையில் மண்டியிட்டு, மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"வந்துட்டாருடி! தோ, இங்கதான் குந்திக்கினு இருக்காரு! இன்னும் எங்கடி போற?"

மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அன்று சாயங்காலம்தான் அவளுக்கு விளங்கியது. தேசிங்கு கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்காவ நடக்குதுன்னு நெனச்சன்யா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்காவன்னு நான் நெனச்சன்."

இருவரும் தென்னைகளைப் பார்த்தார்கள். தென்னைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன. அந்தத் திசையில் சவுக்குத் தோப்பும் அதைத் தாண்டிக் கடலும்தான் இருந்தன. காணிக்குப் பூங்காவனத்தையும் தெரியாது, தேசிங்கையும் தெரியாது. இளநீர் குடித்துத் தன்னை வாங்கின அந்தத் துரையின் ஊர் எதுவோ அதற்குப் புறப்பட்டிருக்கிறது. இவர்கள் அதன்மேல் இருந்தார்கள், அவ்வளவுதான். முழம் முழமாக எண்ணிக் காத்திருந்ததெல்லாம், கிழக்கு வாசலை இரண்டு தடவை பெருக்கியதெல்லாம் அவளுக்கு ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்து, நெஞ்சு எரிந்தது. இறங்கிவிடலாம் என்றான் தேசிங்கு. இறங்கி எங்கே போவது என்று கேட்டாள். அவனிடம் மாட்டுக் கொட்டகையைத் தவிர வேறு பதில் இல்லை. அதனால் இருந்தார்கள்.

தை மாதத்தில் காணி கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. மணலில் ஏறி, அலை வந்து தொடுகிற இடத்தில் நின்றது. ஒரு நாள் நின்றது, இரண்டு நாள் நின்றது, ஒரு வாரம் அசையவில்லை. மண்ணுக்கு நீந்தத் தெரியாது, இனி இங்கேதான் என்றார்கள் மீனவர்கள். அவர்கள் வலை உலர்த்தக் காணியின் தென்னைகளை உபயோகித்துக்கொண்டார்கள், பதிலுக்கு மீன் கொடுத்தார்கள். தேசிங்கு கூரைக்குப் புது ஓலை வேய்ந்தான். பூங்காவனம் கத்தரி விதை போட்டாள். உப்புக்காற்றில் முளைக்குமா என்று சந்தேகம் இருந்தாலும், ஒரு காலைப்பொழுதில் இரண்டிரண்டு இலையாக எட்டிப் பார்த்தது. தேசிங்கைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தால் அவன் கரையில் மீன் வாங்க நின்றிருந்தான். சரி, முதலில் தண்ணீர் ஊற்றுவோம் என்று கிணற்றில் குடத்தை இறக்கினாள்.

கிணற்றுத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். கரைக்கும் காணிக்கும் நடுவே ஒரு கோடு தண்ணீர் வெள்ளையாக மின்னியது. அது கோடாக இருந்து வாய்க்காலாயிற்று. கரையில் மீன் கூடையைப் போட்டுவிட்டுத் தேசிங்கு ஓடிவந்தான்.

"பூங்காவனம்! குதி! குதிச்சிடு!"

அவள் ஓரத்துக்கு வந்தாள். கையில் தண்ணீர்க் குடம். பின்னால் புது ஓலை போட்ட வீடு, அடுப்பில் கொதிக்கிற சோறு, இரண்டு இலைவிட்ட கத்தரி. வாய்க்கால் அகன்றது. தேசிங்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு கையையும் நீட்டினான். அலை அவனைப் பின்னால் தள்ளியது, மறுபடியும் முன்னால் வந்தான். மீனவர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆட்டின் கட்டை மட்டும் அவள் அவிழ்த்துவிட்டாள். அது யோசிக்காமல் தாவி நீந்திக் கரை ஏறியது. அவள் மட்டும் அப்படியே நின்றாள். காலின் கீழே மண் நடுங்குவதை உணர்ந்தாள். அது பயத்தில் நடுங்குகிற மாதிரி இல்லை, ஆசையில் நடுங்குகிற மாதிரி இருந்தது. தானும் ஏழு வருஷம் அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியபோது, அதன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை.

"போ" என்றாள். "ஒரு வார்த்த சொல்லாம போறியே. போய்த் தொல."

குடத்தை மண்ணில் வைத்துவிட்டுக் குதித்தாள்.

தண்ணீருக்குள் போய், உப்பு விழுங்கி, தேசிங்கின் சட்டை கையில் சிக்கி, மேலே வந்தாள். இரண்டு பேரும் மணலில் விழுந்து கிடந்து இருமினார்கள். தென்னைகள் நிமிர்ந்து, ஓலைக்கூரையில் சமையல் புகை எழ, கோழிகள் வாசலில் மேய, காணி அலைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கட்டுமரத்துக்காரர்கள் துடுப்பை வலித்து அதற்கு வழிவிட்டார்கள். சூரியன் ஏறுகிற நேரம். பார்க்கப் பார்க்கக் கண் கூசியது. ஆடு உடம்பை உதறிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது.

பூங்காவனம் எழுந்து புடவையைப் பிழிந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கரையைவிட்டு மேற்கே நடக்க ஆரம்பித்தாள். தேசிங்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"ஏ புள்ள, எங்க போற?"

"எங்கியாவது நிக்கிற மண்ணாப் பாத்து."

சவுக்குத் தோப்புக்கு அருகில் வந்ததும் நின்றாள். குனிந்து, வலது காலால் தரையைப் பலமாக ஒரு உதை உதைத்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது அசைகிறதா என்று வெகுநேரம் நின்று பார்த்தாள்.